நாறுமா, நாறாதா? சென்னையில வீட்டுக் குப்பைய பிரிக்க ஒரே ஒரு கேள்வி

எங்க அபார்ட்மென்ட்ல புதுசா குடி வந்த ஒரு தம்பி போன வாரம் கையில காலி பீட்சா டப்பாவோட மாடிப்படிக்குக் கீழ நின்னுட்டு இருந்தான். பச்சைத் தொட்டிய பாக்கறான், நீலத் தொட்டிய பாக்கறான், திரும்ப டப்பாவ பாக்கறான். "அண்ணா, இது மக்குமா மக்காதா?"னு கேட்டான். அட்டைதானே, மக்கும். ஆனா சுத்தமான அட்டை போக வேண்டிய இடம் நீலத் தொட்டி. ஆனா இவன் டப்பாக்குள்ள சீஸும் எண்ணெயும் அப்பிக்கிட்டு இருக்கு, அப்போ? மூணு வருஷமா எங்க அசோசியேஷன்ல குப்பை விஷயத்த பாத்துக்கற எனக்கே ரெண்டு செகண்ட் ஆச்சு பதில் சொல்ல. சரி, மொத்தமா ஒரு தடவை எழுதி வச்சிடுவோம், இனிமே கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல இந்த வார்த்தைப் பஞ்சாயத்த முடிச்சிடுவோம். மாநகராட்சி தொட்டியில, வண்டியில, சுவத்துல எல்லாம் மக்கும் குப்பை, மக்காத குப்பைனுதான் எழுதி இருக்கும். பச்சை மக்கும், நீலம் மக்காது. கேக்க சுலபமா இருக்கு, ஸ்கூல்லயும் அப்படித்தான் படிச்சோம். ஆனா வீட்ல நின்னு பிரிக்கும்போது இந்த வார்த்தை காலை வாரி விட்ரும். பழைய நியூஸ்பேப்பர் மண்ணுல போட்டா மக்கும், ஆனா அது நீலத்துக்குப் போகணும். பார்சல் வந்த அட்டைப்பெட்டி மக்கும், அதுவும் நீலம். கிழிஞ்ச காட்டன் வேட்டி, சணல் கயிறு, மரச் சீப்பு எல்லாமே என்னிக்காவது மக்கும், எல்லாமே நீலம். என்னடா இதுனு ஆயிடும்.

இன்னொரு ஜோடி வார்த்தை இருக்கு, ஈரக் குப்பை, உலர் குப்பை. இது எவ்வளவோ பரவாயில்ல. இதுலயும் ஒரு சின்ன சிக்கல், வெங்காயத் தோலு சருகு மாதிரி காஞ்சு கிடக்கும் அது ஈரக் குப்பை, பாதி தண்ணியோட இருக்கற பாட்டில் அது உலர் குப்பை. அதனால நான் எங்க வீட்லயும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சொல்லிக் கொடுத்தது ஒரே கேள்விதான்: இத ஒரு டப்பாவுல போட்டு மூடி ரெண்டு நாள் வச்சா நாறுமா? நாறும்னா பச்சை. நாறாதுனா நீலம். வெங்காயத் தோலுக்கு மட்டும் இந்தக் கேள்வி கொஞ்சம் தடுமாறும், அத காய்கறிக் கூட்டத்தோட சேத்து அனுப்பிடுங்க. பீட்சா டப்பாவுக்கு விடை என்னன்னா, எண்ணெய் ஊறின அடிப்பக்கத்த கிழிச்சு பச்சையில போடு, மேல் மூடி சுத்தமா இருந்தா நீலத்துல போடு. தம்பி கிழிச்சான், முடிஞ்சது.

ஏன் நாத்தத்த பிடிச்சுக்கிட்டு தொங்கறேன்னு கேட்டா, குப்பையில நடக்கற கெட்ட விஷயம் பாதிக்கு மேல அந்த ஈரத்தாலதான் நடக்குது. ஒரு கட்டு பேப்பர் இருக்கு, எடைக்குப் போட்டா காசு. அது மேல நேத்து சாம்பார் கொட்டிட்டா அதுக்கு விலை பூஜ்யம், பழைய பேப்பர்காரர் கையால கூட தொட மாட்டார். ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்பா உருக்கி திரும்ப இன்னொரு பொருளா வரும், அதே டப்பாவுல மீன் குழம்பு ஊறி இருந்தா அத கழுவற செலவுக்கு புதுசே வாங்கிடலாம்னு விட்ருவாங்க. அந்தப் பக்கம் காய்கறித் தோலுக்கும் இதே கதைதான், தனியா வந்தா உரமாகும், அதுக்குள்ள பிளேடும் பல்பும் ஷாம்பூ பாக்கெட்டும் கலந்து வந்தா அந்த உரத்த யாரு தோட்டத்துல போடுவா? ரெண்டுமே தனித்தனியா இருந்தா பொருள், சேந்துட்டா குப்பை. அவ்வளவுதான் விஷயமே.

இப்போ அளவ பாருங்க. சென்னை மாநகராட்சியில 200 வார்டு, ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல குப்பை வருது. பல வருஷமா இது எல்லாமே ரெண்டு இடத்துக்குத்தான் போச்சு, வடக்குப் பக்கம் கொடுங்கையூர், தெற்குப் பக்கம் பெருங்குடி. பெருங்குடி கிடங்கு எங்க இருக்குன்னா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து மேலயே. 2022ல ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற பட்டம், கிடைச்ச அதே சதுப்பு நிலம், அங்க பூநாரை பாக்க கேமராவோட போறாங்க, பக்கத்துலயே குப்பை மலை. அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில அந்தக் கிடங்கு தீப்பிடிச்சு நாள் கணக்குல எரிஞ்சுது, வேளச்சேரி பக்கம் இருந்தவங்களுக்கு அந்தப் புகை ஞாபகம் இருக்கும், நாங்க ஜன்னல சாத்திட்டு உக்காந்திருந்தோம். குப்பை ஏன் தானா எரியுதுன்னா, ஈரக் குப்பை காத்து படாம அடியில அமுங்கிக் கிடக்கும்போது மீத்தேன் வாயு வரும், நம்ம சாண எரிவாயுக் கலத்துல வருதே அதேதான், அது மேல காஞ்ச பிளாஸ்டிக்கும் பேப்பரும் கிடந்தா ஒரு பொறி போதும். அதோட அந்த ஈரம் எல்லாம் கருப்பா ஒரு கழிவு நீரா வடிஞ்சு நிலத்துக்குள்ள இறங்கும்.

பழைய மலைய இப்போ தோண்டி பிரிக்கறாங்க, பயோமைனிங்னு பேரு. மண்ணு தனியா, பிளாஸ்டிக் தனியா, கல்லு தனியானு சலிக்கறது. கொடுங்கையூர்ல மட்டும் 66 லட்சம் டன் பழைய குப்பை, அத சலிக்கறதுக்கு 640 கோடி ரூபாய் கிட்ட திட்டம். யோசிச்சுப் பாருங்க, வீட்ல நாம ரெண்டு டப்பாவுல போட வேண்டியத ஒரே டப்பாவுல போட்டதுக்கு முப்பது நாப்பது வருஷம் கழிச்சு மெஷின் வச்சு பிரிச்சிட்டு இருக்கோம். அதுலயும் பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் இருக்கறவங்க பாவம், அவங்க குப்பையும் அங்க, ஊர்ல மத்த இடத்துக் குப்பையும் அங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா. அல்மித்ரா படேல்னு ஒரு அம்மா 1996ல உச்ச நீதிமன்றத்துல கேஸ் போட்டாங்க, அதுல இருந்துதான் 2000ல நாடு முழுக்க முதல் விதி வந்துச்சு. அப்புறம் 2016 ஏப்ரல்ல திடக்கழிவு மேலாண்மை விதி, அதுலதான் வீட்லயே பிரிச்சுக் குடுக்கறது உன் கடமைனு தெளிவா வந்தது, மூணு வகையா பிரிக்கச் சொல்லி. 2026 ஜனவரியில அத மாத்தி புது விதி அறிவிச்சாங்க, ஏப்ரல் 1ல இருந்து அமல், இதுல நாலு வகை: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி குப்பை, அப்புறம் பெயின்ட் மருந்து பல்பு மாதிரி தனி கவனம் வேண்டிய குப்பை. 2016 விதியா இருந்தாலும் 2026 விதியா இருந்தாலும் மூணு விஷயம் மாறல: தெருவுல வீசக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது. இத மீறினா அபராதம் போடற அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு.

சரி வீட்டுக்குள்ள வருவோம், இங்கதான் விவரம் நிறைய.

பச்சைத் தொட்டி. காய்கறித் தோல், கருவேப்பிலைக் காம்பு, முருங்கைக்காய் சக்கை, டீத்தூள், காபி சக்கை, மிஞ்சின சோறு, முட்டை ஓடு, மீன் செதிள், கோழி எலும்பு, வாழை இலை, சாமிக்குப் போட்ட பூ. பூ விஷயத்துல ஒரு கவனம், அந்தக் காலத்துல வாழைநார்ல கட்டுவாங்க, இப்ப நிறைய கடையில கட்டறது செயற்கை நூல், அது மக்கவே மக்காது, உரம் போடற இடத்துல மெஷின் பல்லுல சுத்திக்கும். மாலைய போடறதுக்கு முன்னாடி நூல இழுத்து எடுத்துடுங்க, ஜிகினாவையும். டீ பேக்ல இருக்கற பின்ன எடுங்க. எண்ணெய் துடைச்ச டிஷ்யூ பேப்பர், மாவு கை துடைச்ச பேப்பர் எல்லாம் பச்சைதான், ஏன்னா நாறும். கொட்டாங்குச்சி, இளநீர்க் கூடு ரெண்டும் தாவரம்தான், ஆனா மக்க ரொம்ப நாள் எடுக்கும், காய்கறியோட போட்டா உரக்குழியில கல்லு மாதிரி அப்படியே கிடக்கும். அத ஒரு பையில தனியா சேத்து வச்சு குடுத்தா வண்டிக்காரங்களே தனியா வாங்கிக்கறாங்க, எங்க ஏரியாவுல அப்படித்தான்.

பச்சைத் தொட்டிய பத்தி இன்னொண்ணு, இதுதான் நான் அதிகமா சண்டை போடற விஷயம். நம்ம ஆளுங்க எல்லாத்தையும் ஒழுங்கா பிரிச்சிட்டு கடைசியில காய்கறிக் குப்பைய ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூணு முடிச்சு போட்டு குடுப்பாங்க. போச்சு. அந்த முடிச்ச யாரோ ஒருத்தர் கையால பிரிக்கணும், பிரிக்கலைன்னா அது கவரோட உள்ளயே அழுகும். தொட்டிக்குள்ள கவர் மாட்டாதீங்க, அடியில ரெண்டு நியூஸ்பேப்பர் தாள் விரிச்சாப் போதும், தண்ணிய உறிஞ்சிடும், அப்படியே கவுத்துடலாம். அப்புறம் தொட்டிய கழுவணுமேனு கேப்பீங்க. கழுவணும்தான். ஒரு சொம்பு தண்ணி.

நீலத் தொட்டி. பேப்பர், அட்டை, பாட்டில், தகரம், துணி, செருப்பு, உடையாத கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம். நிபந்தனை ஒண்ணே ஒண்ணுதான், காஞ்சு இருக்கணும். பால் கவர், தயிர் கவர் ரெண்டும்தான் இங்க பெரிய வில்லன். அத அப்படியே கசக்கிப் போட்டா ஒரு சொட்டுப் பால் போதும், ரெண்டு நாள்ல மொத்தப் பையும் நாறிடும். கவர வெட்டும்போது மூலைய முழுசா துண்டா வெட்டி எடுக்காதீங்க, ஒரு ஓரம் ஒட்டிட்டு இருக்கட்டும், அந்தத் துண்டு தனியா விழுந்தா யாராலயும் பொறுக்க முடியாது, நேரா சாக்கடைக்குத்தான் போகும். ஒரு அலசு அலசி சிங்க்குக்கு மேல ஒரு கிளிப்ல மாட்டி விடுங்க, காஞ்சதும் ஒரு பையில சேருங்க. பால் கவர் பிளாஸ்டிக்குக்கு நல்ல மறுசுழற்சி மதிப்பு உண்டு, எங்க அம்மா காலத்துல கட்டு கட்டா சேத்து எடைக்குப் போட்டு பிளாஸ்டிக் பக்கெட் வாங்குவாங்க, அவங்களுக்கு யாரும் சர்க்குலர் எகானமி கிளாஸ் எடுக்கல.

பிளாஸ்டிக் அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் பாத்திருப்பீங்க. அது இது திரும்ப உருக்கப்படும்னு குடுக்கற உத்தரவாதம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது என்ன வகை பிளாஸ்டிக்னு சொல்ற அடையாளம் மட்டும்தான். 1 போட்டது தண்ணி பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில். 2 ஷாம்பூ பாட்டில், டிடர்ஜென்ட் கேன் மாதிரி கெட்டியா இருக்கறது. 4 பால் கவர் மாதிரி மெலிசா நீளறது. 5 பார்சல் சாப்பாடு வர்ற டப்பா, தயிர் டப்பா. இந்த நாலும் காயலான் கடையில விலை போகும். 6 தெர்மாகோல், இத எடுக்கறவங்க ரொம்பக் கம்மி, ஏன்னா வண்டி நிறைய ஏத்தினாலும் எடை வராது. 7ன்னா மத்ததெல்லாம்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் ரேப்பர், ஷாம்பூ சாஷே, இதெல்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்கா ஒட்டினது, பிரிக்க முடியாது, உருக்கினாலும் உருப்படியா எதுவும் வராது. அப்போ எங்க போகுதுன்னா, சுத்தமா காஞ்சு இருந்தா சிமென்ட் ஆலைக்குப் போகும், அரியலூர் பக்கம் இருக்கற ஆலைகள்ல நிலக்கரிக்குப் பதிலா சூளையில போட்டு எரிப்பாங்க. ஈரமா இருந்தா எரியாது, அதனால அங்கயும் வாங்க மாட்டாங்க. பாத்தீங்களா, திரும்பவும் அதே ஈரம்தான்.

பேப்பர் கப் ஒரு ஏமாத்து வேலை. பேருதான் பேப்பர், உள்ள மெலிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, அதனாலதான் டீ ஊத்தினா ஊறாம நிக்குது. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை பண்ணின 14 பொருள்ல இந்த பிளாஸ்டிக் பூச்சு கப்பும் இருக்கு, கேரி பேக், தண்ணி பாக்கெட், ஸ்ட்ரா எல்லாத்தோடயும் சேத்து. பால், தயிர், எண்ணெய், மருந்து பாக்கெட்டுக்கு மட்டும் விலக்கு. தடைனு சொல்லி ஏழு வருஷம் ஆச்சு, முக்குக் கடையில இன்னும் கேரி பேக் குடுத்துட்டுத்தான் இருக்காங்க, கேட்டா "சார் நீங்க பை கொண்டு வரலையே"னு நம்ம மேலயே திருப்பறாரு. நியாயம்தான். 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைனு அரசு ஆரம்பிச்சாங்க, கோயம்பேடு மார்க்கெட்ல பத்து ரூபாய் போட்டா மஞ்சப்பை வர்ற மெஷின் கூட வச்சாங்க. மஞ்சப்பையோட வந்தா பட்டிக்காட்டான்னு கிண்டல் பண்ண ஊரு இது.

மூணாவது, யாரும் பேச விரும்பாதது. நாப்கின், டயாபர். டயாபர்ல பாதி பிளாஸ்டிக், உள்ள தண்ணிய உறிஞ்சி ஜெல் ஆகற ஒரு பொருள், மக்கவும் மக்காது மறுசுழற்சியும் கிடையாது. இது நாறும், அதனால என் கேள்விப்படி பச்சைனு எடுத்துக்காதீங்க, இது மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாம தனி. நியூஸ்பேப்பர்ல சுத்தி மேல சிவப்பு ஸ்கெட்ச்ல ஒரு பெரிய புள்ளி வைங்க, புனேல குப்பை எடுக்கற பெண்களோட கூட்டுறவு அமைப்பு கொண்டு வந்த பழக்கம் இது, அந்தப் புள்ளிய பாத்தா யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. ஒரு நாள் எங்க தெருவுக்கு வர்ற அக்கா ஒரு கவர பிரிச்சுட்டு அப்படியே முகத்த திருப்பிட்டு நின்னாங்க, ஒண்ணும் சொல்லல, கைய பாலிதீன்ல துடைச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. யார் வீட்டுக் கவர்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். இவங்கள தூய்மைப் பணியாளர்னு அரசு பேரு மாத்தி வருஷங்கள் ஆச்சு, கையில ஒழுங்கான கிளவுஸ் இருக்கானு பாத்தா பல நாள் இல்ல.

நாலாவது வகை கொஞ்சமாத்தான் சேரும், அதனாலயே மறந்துடுவோம். காலாவதியான மாத்திரை, கொசு மருந்து டப்பா, பெயின்ட் டப்பா, டியூப் லைட், பழைய சிஎஃப்எல் பல்பு, பேட்டரி, காய்ச்சல் பாக்கற பழைய பாதரச தெர்மாமீட்டர். ஒரு அட்டைப்பெட்டிய பரண்ல வச்சு சேத்து வைங்க, மாசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையோ தனியா குடுக்கலாம். டியூப் லைட்டையும் சிஎஃப்எல்லையும் உடைக்காதீங்க, உள்ள பாதரசம் இருக்கு. இன்சுலின் போடறவங்க ஊசிய ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி டைட் பண்ணிக் குடுங்க. பிளேடு, உடைஞ்ச கண்ணாடி ரெண்டையும் தடி பேப்பர்ல சுத்தி மேல "கண்ணாடி"னு எழுதுங்க. போன் பேட்டரி, பவர் பேங்க் மாதிரி லித்தியம் சமாச்சாரத்த சாதாரண குப்பையில போட்டா வண்டியில அமுக்கும்போது நசுங்கி தீப்பிடிக்கும். பழைய போன், சார்ஜர், மிக்ஸி மாதிரி இ-வேஸ்ட மறுசுழற்சி பண்ண வைக்கற பொறுப்பு தயாரிச்ச கம்பெனிக்கு இருக்குனு தனி விதியே இருக்கு, எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கறதும் ஒரு வழி.

இதுவரைக்கும் படிச்சவங்க மனசுல ஒரு கேள்வி கொதிச்சுக்கிட்டு இருக்கும், எனக்குத் தெரியும். "நாம இவ்ளோ பாடுபட்டு பிரிச்சுக் குடுத்தா அவங்க கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாதானே கொட்டறாங்க?"

சில இடத்துல கொட்டறாங்க. நானே பாத்திருக்கேன், பாத்த அன்னிக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் கவனிச்சா வேற படம் தெரியும். காலையில தெருவுக்குள்ள வர்ற பேட்டரி வண்டியில நாலஞ்சு தொட்டி தனித்தனியா இருக்கும், பக்கவாட்டுல ஒரு சாக்கு தொங்கும். அந்த சாக்குலதான் காசு இருக்கு. பாட்டில், அட்டை, பால் கவர் எல்லாம் அதுல போகும், அத வித்து வர்ற பணம் அந்த அக்காங்களுக்கு சம்பளத்துக்கு மேல கிடைக்கற சின்ன வருமானம். நீங்க உலர் குப்பைய சுத்தமா தனியாக் குடுத்தா அது அந்த சாக்குக்குள்ளதான் போகுமே தவிர பெரிய வண்டிக்குப் போகாது. கலந்து குடுத்தா அவங்க கைய விட்டு துழாவணும், தெரு நீளத்துக்கு நூறு வீடு, யாருக்கு நேரம் இருக்கு, அப்படியே கவுத்துட்டுப் போயிடுவாங்க. எங்க தெருவுல பிரிச்சுக் குடுக்கற வீடுங்க கூடக் கூட கலந்து கொட்டறது குறைஞ்சுது, இத நான் கண்ணால பாத்தது.

ஈரக் குப்பை எங்க போகுதுன்னா, வார்டுக்குள்ளயே சின்னச் சின்ன உரம் தயாரிக்கற மையம் இருக்கு, தொட்டி தொட்டியா கட்டி வச்சிருப்பாங்க, பக்கத்துல போனா மண்வாசனை மாதிரி ஒரு வாசனை வரும், ஒழுங்கா நடத்தினா நாத்தம் வராது. கொஞ்சம் பயோ சிஎன்ஜி ஆலைக்குப் போகுது, சேத்துப்பட்டு, மாதவரம் பக்கம் இருக்கு, காய்கறிக் கழிவுல இருந்து எரிவாயு எடுக்கறது. உலர் குப்பை வள மீட்பு மையத்துக்குப் போய் வகை வகையா பிரிஞ்சு கட்டு கட்டா கிளம்பும். கலந்து வர்ற குப்பை இது எதுக்கும் லாயக்கில்லாம நேரா கிடங்குக்குப் போகும்.

வண்டி ரெண்டு மூணு நாள் வரலைன்னா, இல்ல கண் முன்னாடியே கலந்து கொட்டறாங்கன்னா மாநகராட்சியோட புகார் எண் 1913க்கு கூப்பிடலாம், இல்ல மாநகராட்சியோட "நம்ம சென்னை" ஆப்ல போட்டோவோட போடலாம். திட்டறத விட தெரு பேரு, கதவு எண், நேரம் மூணும் சொன்னா வேலை நடக்கும். வயசானவங்க இன்னும் "ஓனிக்ஸ் வண்டி வந்துச்சா"னு கேப்பாங்க, 2000ல சென்னையில குப்பை எடுக்க வந்த முதல் தனியார் கம்பெனி அது, அது போய் எத்தனையோ கான்ட்ராக்ட் மாறிடுச்சு, பேரு மட்டும் நிலைச்சிடுச்சு.

பெரிய அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு ஒரு தனி விதி, ஒரு நாளைக்கு 100 கிலோவும் அதுக்கு மேலயும் குப்பை வர்ற குடியிருப்பு, கல்யாண மண்டபம், ஓட்டல் எல்லாம் மொத்தக் குப்பை உண்டாக்கறவங்கனு ஒரு பிரிவுல வருவாங்க. அவங்க ஈரக் குப்பைய முடிஞ்ச வரைக்கும் அவங்க இடத்துலயே உரமாக்கணும், மாநகராட்சி வண்டிய எதிர்பார்த்து உக்கார முடியாது. வீட்ல காதுகுத்து வளைகாப்புனு 100 பேருக்கு மேல கூட்டம் கூடினா மூணு வேலை நாளுக்கு முன்னாடி உள்ளாட்சிக்கு சொல்லணும்னு 2016 விதியிலயே இருக்கு, இத யாராவது சொல்லி நான் பாத்ததில்ல.

எங்களுது பன்னெண்டு வீடுதான், ஆனாலும் மொட்டை மாடியில ரெண்டு தொட்டி வச்சு உரம் போடறோம். அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை போட்ட பழைய டிரம். ஒரு அடுக்கு காய்கறிக் குப்பை, அது மேல அதே அளவு காஞ்ச இலை இல்லைன்னா தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் புளிச்ச மோர் தெளிச்சு விடறது, வாரம் ஒரு தடவை கிளறி விடறது. நாறுச்சுன்னா ஈரம் ஜாஸ்தி, காஞ்ச இலைய கூட்டு. எறும்பு வந்துச்சுன்னா காஞ்சு போச்சு, தண்ணி தெளி. சமைச்ச சாப்பாடு, மீன், கறி மட்டும் போடாதீங்க, எலி வரும். ரெண்டு மாசத்துல கருப்பா பொலபொலனு வரும், செம்பருத்திக்கு போட்டுப் பாருங்க.

பழைய சோபா, மெத்தை, பீரோ இதெல்லாம் ராத்திரியோட ராத்திரியா தெரு முனையில வச்சிட்டு வர்ற பழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி. இப்போ சனிக்கிழமைல வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போற ஏற்பாடு மாநகராட்சி 2025ல ஆரம்பிச்சிருக்கு, ஆப்லயோ 1913லயோ முன்னாடியே சொல்லணும். டைல்ஸ் மாத்தின கட்டட இடிபாடு இதுல வராது, அது தனி, அதுக்கு பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் அரைச்சு மணலாவும் ஜல்லியாவும் மாத்தற ஆலை இருக்கு. மேஸ்திரி "நான் பாத்துக்கறேன் சார்"னு சொன்னா எங்க கொட்டப் போறீங்கனு ஒரு தடவை கேளுங்க, பெரும்பாலும் ஏதாவது ஒரு ஏரிக்கரைதான்.

பண்டிகைக் குப்பை ஒரு தனி ரகம். தீபாவளிக்கு வெடிச்ச பேப்பர பச்சையிலயும் போடாதீங்க நீலத்துலயும் போடாதீங்க, அதுல ரசாயனம் இருக்கு, ஒரு சாக்குல தனியா கூட்டி வச்சா தனியா எடுத்துட்டு கும்மிடிப்பூண்டியில இருக்கற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பறாங்க. போகிக்கு டயர், பிளாஸ்டிக் பாய் கொளுத்தறது வேண்டாம், அதுக்கு முன்னாடியே பழைய சாமான வீட்ல வந்து வாங்கிக்கறாங்க. திறந்த வெளியில குப்பைய எரிச்சா 5,000 ரூபாய் அபராதம்னு சுற்றுச்சூழல் கேஸ விசாரிக்கற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016லயே சொல்லிடுச்சு. காஞ்ச இலைய கூட்டி எரிக்கற வாட்ச்மேன் தாத்தாவுக்கு இத சொன்னேன், இப்போ அந்த இலையெல்லாம் எங்க மொட்டை மாடி டிரம்முக்கு வருது.

ஆயுத பூஜைக்கு உடைக்கற பூசணிக்காய் பச்சைதான், ஆனா ரோட்லயே விட்டுட்டுப் போகாதீங்க, பைக்ல வர்றவன் வழுக்கி விழுவான். உள்ள போட்ட சில்லறைய எடுத்துட்டு அள்ளி பச்சைத் தொட்டியில போட்டுடுங்க.